கடவுளின் நீதியையும் தயவையும் சேர்த்துப் படிக்க எந்தத் தமிழ் வேதாகமம்?

சங்கீதம் 51-ஐத் திறந்து 14-ஆம் வசனத்துக்குப் போங்கள். நாத்தான் தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேராகக் குற்றத்தைச் சொன்ன பிறகு தாவீது பாடியது என்று அந்தச் சங்கீதத்தின் தலைப்பு சொல்கிறது. தாவீது கொல்லச் செய்த படைவீரன் உரியாவின் ரத்தம் அவன் கையில் இருக்கிறது. இரத்தப்பழியிலிருந்து என்னை விடுவியும் என்று கெஞ்சிவிட்டு, "அப்பொழுது என் நாவு உம்முடைய நீதியைக் கெம்பீரமாய்ப் பாடும்" என்கிறான். கொலைப்பழி சுமந்தவன் நீதி என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்க வேண்டும். மன்னிப்புக் கிடைத்தால் இரக்கத்தைப் பாடுவதுதானே முறை? எபிரெயத்திலும் அங்கே நிற்பது நீதியைக் குறிக்கும் செதாக்காதான். மொழிபெயர்த்தவர்களின் கைப்பிழை இல்லை.

தமிழில் கிடைக்கும் வேதாகமப் பதிப்புகளை ஒரே ஒரு வேலைக்காக மட்டும் எடைபோடுகிறோம். கடவுள் நீதியுள்ளவர் என்பதும் தயவுள்ளவர் என்பதும் எப்படி ஒன்றாக நிற்கின்றன என்று உட்கார்ந்து படிக்கிறவருக்கு எந்தப் பதிப்பு உதவும், எது எங்கே காலை வாரும்? காலை ஜெபத்துக்கு எது நல்லது, சபையில் வாசிக்க எது நல்லது என்பதெல்லாம் வேறு கணக்கு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நீதியின் இழையைப் பிடித்துப் போகப் பழைய திருப்புதல். அன்பின் இழையைப் பிடித்துப் போக 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குள் இறங்கினால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள். மாட்டிக்கொள்ளும் இடங்கள் பல நேரம் கடவுளைப் பற்றியவையே அல்ல, சொற்களைப் பற்றியவை.

பழைய திருப்புதல் என்று நாம் சொல்வது 1871-இல் வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் மொழிபெயர்ப்பு வழி வந்த பாடம். இன்றும் பெரும்பாலான சீர்திருத்தத் திருச்சபைகளில் கையில் இருப்பது இதுதான். இதன் பெரிய பலம், நீதி என்ற வேர் ஓடுகிற ஓட்டம் கண்ணுக்குத் தெரிவது. ரோமர் 3-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதிய கிரேக்கத்தில் நீதியுள்ளவர் என்பதற்கும், நீதிமானாக்குதல் என்பதற்கும், நீதி என்பதற்கும் வேர் ஒன்றே. வாதமே அந்த வேரின் மேல்தான் நிற்கிறது. 25, 26 ஆகிய வசனங்களில் பழைய திருப்புதல் அதை அப்படியே காட்டுகிறது: கடவுள் தாம் நீதியுள்ளவரும், விசுவாசிக்கிறவனை "நீதிமானாக்குகிறவருமாய் விளங்கும்படி". இரண்டும் ஒரே செயல். ஒரு பக்கம் நீதி, மறுபக்கம் அதைத் தளர்த்துகிற இரக்கம் என்று இரண்டு தட்டுத் தராசு இங்கே இல்லை.

இந்தப் பகுதியைப் பழைய திருப்புதலில் படிக்க ஒரு வழி உண்டு. 24 முதல் 26 வரை ஒரே நீண்ட வாக்கியம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், கிரேக்கத்தில் 25-இன் தொடக்கத்தில் இருக்கும் முக்கியச் செய்தி தமிழில் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே கடைசியில் இருக்கும் "கிருபாதாரபலியாக அவரையே ஏற்படுத்தினார்" என்பதை முதலில் படித்துவிட்டு, பிறகு மேலே போய் 'காண்பிக்கும்பொருட்டாகவும்' என்று முடிகிற நோக்கங்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். நேராகப் படித்தால் மூன்றாவது வரியில் யார் யாருக்கு என்ன செய்தார் என்பது நழுவிவிடும். சபையில் வாசிக்கிறவர்கள் மூச்சு வாங்கத் தவறான இடத்தில் நிறுத்துவதும் இங்கேதான்.

அப்படிச் சேர்க்கும்போது ஒன்று தெளிவாகும். இன்று நாம் கேட்கிற கேள்வி: இவ்வளவு தயவுள்ள கடவுள் எப்படித் தண்டிக்கலாம்? பவுலை உறுத்துவது இதற்கு நேர் எதிர். முற்காலத்தில் நடந்த பாவங்களைக் கடவுள் பொறுத்துக்கொண்டாரே, அப்படியானால் அவர் நீதியுள்ளவர் என்று எப்படிச் சொல்வது? அவருக்குத் தயவுதான் விளக்கம் கேட்கிறது, தண்டனை இல்லை. "பாவங்களைத் தாம் பொறுத்துக்கொண்டதைக்குறித்து" என்ற தொடரைப் பழைய திருப்புதல் தவறவிடாமல் வைத்திருப்பதால்தான் இந்தத் திருப்பம் தமிழில் பிடிபடுகிறது. பல பிரசங்கங்கள் இந்தத் தொடரைத் தாண்டிக் குதித்து நேரே பலிக்குப் போய்விடுகின்றன. கேள்வியே அந்தத் தொடரில்தான் இருக்கிறது.

மத்தேயு 20-இல் வரும் திராட்சத்தோட்டக் கூலிகளின் உவமையிலும் இதே பலம். பின்னால் வந்த ஆட்களிடம் "நியாயமானபடி" கூலி கொடுப்பேன் என்று சொல்லி அனுப்புகிறான் எசமான். மாலையில் முதலில் வந்தவன் முணுமுணுக்கும்போது, "சிநேகிதனே, நான் உனக்கு அநியாயஞ்செய்யவில்லை" என்கிறான். நியாயம், அநியாயம் என்ற இந்தக் கோர்வை கிரேக்கத்திலும் உண்டு. ஒரு பணம் என்று பேசினான், ஒரு பணம் கொடுத்தான். பேச்சு மீறவில்லை. கடைசியில் வந்தவனுக்கும் ஒரு பணம் கொடுத்தது முதல்வனின் கூலியிலிருந்து பிடுங்கியது அல்ல. தயவு எங்கே தொடங்குகிறது என்றால், நியாயம் முழுதாகத் தீர்ந்த இடத்தில். திருவிவிலியம் முதலிடத்தில் 'நேர்மையான கூலி' என்றும் அடுத்த இடத்தில் 'அநியாயம்' என்றும் போடுவதால் அந்தக் கோர்வை அறுந்துவிடுகிறது. ஆனால் 15-ஆம் வசனத்தில் அது ஈடுகட்டிவிடுகிறது. பழையதில் "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" என்று இருப்பதை இன்றைய வாசகர் கொடுமைக்காரன் என்று புரிந்துகொள்வார். மூலத்தில் உள்ளது கெட்ட கண், நம் ஊர்ப் பேச்சில் வயிற்றெரிச்சல். திருவிவிலியம் பொறாமை என்று சரியாகப் பிடித்திருக்கிறது.

இனிப் பழைய திருப்புதலின் ஓட்டைகள். பெரியது கிருபை என்ற சொல். அது செய்யும் குழப்பத்தை ஒரு இடத்திலேயே பார்த்துவிடலாம்: யாத்திராகமம் 34:6, 7. மோசேக்கு முன்பாகக் கடந்துபோகும் கடவுள் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் வரிகள். பழைய ஏற்பாட்டில் நீதியும் தயவும் ஒரே மூச்சில் வரும் இடங்களில் இதற்கு நிகர் வேறில்லை. "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்" என்று 6-ஆம் வசனம். "ஆயிரம் தலைமுறைகளுக்கு இரக்கத்தைக் காக்கிறவர்" என்று 7. இதில் 6-இன் 'மகா தயை'யும் 7-இன் 'இரக்கம்'என்பதும் எபிரெயத்தில் ஒரே சொல்: ஹெசெத். 6-இல் வரும் 'இரக்கம்' வேறு சொல், தாயின் கருப்பையோடு உறவுள்ள வேர். 6-இன் 'கிருபை' இன்னொரு சொல். அடுத்து யோனா 4:2-க்குப் போனால் அதே ஹெசெத் "மிகுந்த கிருபை" ஆகிவிடுகிறது. சங்கீதம் 136-இல் 26 தடவை வரும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்பதும் ஹெசெத்தான். புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் முற்றிலும் வேறான கிரேக்கச் சொல் காரிஸ், அதுவும் கிருபையே.

இதனால் என்ன கெட்டுப்போகிறது? ஹெசெத் என்பது உடன்படிக்கைக்குள் இருக்கும் அன்பு. கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் விசுவாசம் அதற்குள் அடங்கியிருக்கிறது. அதாவது ஹெசெத்துக்குள்ளேயே ஒருவகை நேர்மை உண்டு. அதை வெறும் கிருபை என்று, தகுதியில்லாதவனுக்குக் கொடுக்கும் இலவசம் என்ற ஒரே பொருளில் கேட்டுப் பழகியவர், சங்கீதங்களில் கிருபையும் நீதியும் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது முரண்பாட்டைப் பார்க்கிறார். எபிரெய வாசகருக்கு அங்கே முரண் எதுவும் தெரியாது. "கிருபையும் சத்தியமும் ஒன்றையொன்று சந்திக்கும், நீதியும் சமாதானமும் ஒன்றையொன்று முத்தஞ்செய்யும்" (சங்கீதம் 85:10) என்பதைச் சண்டைக்காரர்கள் இருவர் சமரசமான காட்சியாகப் பிரசங்கிப்பது வழக்கம். ஹெசெத்தும் சத்தியமும் பழைய ஏற்பாட்டில் அடிக்கடி கைகோத்து வரும் சோடி. சண்டை போட்டால்தானே சமரசம்?

திருவிவிலியம் இங்கேதான் விலைக்கு வாங்கத் தக்கது. ஹெசெத்துக்குப் பெரும்பாலும் 'பேரன்பு', காரிஸுக்கு 'அருள்'. இரண்டையும் பிரித்து வைத்த ஒரே காரணத்துக்காகவே இந்தப் படிப்புக்கு இது வேண்டும். யாத்திராகமம் 34:6 இதில் "இரக்கமும் பரிவும் உள்ள இறைவன், சினம் கொள்ளத் தயங்குபவர், பேரன்பு மிக்கவர்" என்று வருகிறது. திருப்பாடல் (சங்கீதம்) 136-லும் பேரன்பு, 103:8-லும் பேரன்பு, 85:10-லும் பேரன்பு. ஒரு பென்சிலை எடுத்துப் பேரன்பு வரும் இடங்களைக் கோடிட்டால் ஹெசெத்தின் ஓட்டத்தைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம். நூற்றுக்கு நூறு அல்ல. மீக்கா 6:8-இல் ஹெசெத்தை இதுவும் இரக்கம் என்றே போடுகிறது, பழையதும் அப்படியே.

'சினம் கொள்ளத் தயங்குபவர்' என்பதும் நல்ல தேர்வு. 'நீடிய சாந்தம்' என்றால் கோபமே இல்லாத அமைதி என்று இன்றைய காது கேட்கிறது. மூலம் சொல்வது கோபம் உண்டு, வர நேரமாகும் என்பது. நீதி அந்தத் தயக்கத்துக்குள் உயிரோடு இருக்கிறது.

ஆனால் அடுத்த வசனத்திலேயே திருவிவிலியம் ஒன்றைக் கைவிடுகிறது. பழைய திருப்புதல், பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நாலாம் தலைமுறைமட்டும் "விசாரிக்கிறவர்" என்கிறது. திருவிவிலியம் நேரே தண்டனைக்குப் போய்விடுகிறது. மூலத்திலுள்ள பாக்காத் என்ற வினை தேடி வந்து பார்ப்பது, கணக்கெடுப்பது, கவனிப்பது எல்லாவற்றுக்கும் பொது. சங்கீதம் 8:4-இல் "மனுஷகுமாரனை நீர் விசாரிக்கிறதற்கும் அவன் எம்மாத்திரம்?" என்பதும் அதே வினை. போலீஸ் விசாரிப்பதும் நலம் விசாரிப்பதும் தமிழிலும் ஒரே சொல்லில்தான் நடக்கிறது. கேள்வி கேட்க வருகிறவரும் சுகம் கேட்க வருகிறவரும் ஒருவரே என்பதை இவ்வளவு சுலபமாகச் சொல்ல வாய்க்கும் மொழி நம்முடையது. அந்த வாய்ப்பை 1871-இன் ஆட்கள் பயன்படுத்தினார்கள், 1995-இன் ஆட்கள் விட்டுவிட்டார்கள்.

பிள்ளைகள் மேல் மூன்று நான்கு தலைமுறை என்பதைப் பார்த்து மிரள்கிறவர்கள் உடனே எசேக்கியேல் 18:20-ஐப் பக்கத்தில் வைக்க வேண்டும். மகன் தகப்பனின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று அங்கே நேராக இருக்கிறது. ஒத்துவாக்கியக் குறிப்புகள் (தொடர்புள்ள மற்ற வசனங்களைக் காட்டுபவை) உள்ள பழைய திருப்புதல் பதிப்பை வாங்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு 'தலைமுறைச் சாபம்' என்று பயமுறுத்துகிற பேச்சு நிறைய நடக்கிறது. பக்கத்து வசனம் கையில் இருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

இந்த யாத்திராகம வரிகள் வேதாகமம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகின்றன: எண்ணாகமம் 14:18, நெகேமியா 9:17, சங்கீதம் 86:15, 103:8, 145:8, யோவேல் 2:13, யோனா 4:2, நாகூம் 1:3. இரண்டு பதிப்புகளையும் விரித்து வைத்து இந்த எட்டையும் ஒரே மாலையில் படித்துவிடலாம். எந்தப் பாதியை யார் எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று குறித்துக்கொண்டே போங்கள். யோனாவும் நாகூமும் வரும்போது நிமிர்ந்து உட்காருவீர்கள். இருவர் பேசுவதும் நினிவேயைப் பற்றி. யோனா தயவுப் பாதியை மட்டும் சொல்கிறான், அதையும் புகாராகச் சொல்கிறான்: நீர் இப்படிப்பட்டவர் என்று தெரிந்துதான் ஓடினேன். குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடுவதில்லை என்ற பாதி அவன் வாயில் வரவில்லை. நாகூம் எடுப்பது அந்தப் பாதியைத்தான். நீடிய சாந்தம் என்று தொடங்கி, மிகுந்த கிருபை வர வேண்டிய இடத்தில் "மிகுந்த வல்லமையுமுள்ளவர்" என்று மாற்றி, தப்புவிப்பதில்லை என்று முடிக்கிறான். அந்த நகரம் கி.மு. 612-இல் விழுந்தது. ஒரே வாக்குமூலம், ஒரே நகரம். மனந்திரும்பிய தலைமுறைக்கு ஒரு பாதி, ரத்தம் சிந்துவதை நிறுத்தாத தலைமுறைக்கு மறு பாதி. நீதியும் தயவும் எப்படி ஒத்துப்போகின்றன என்று தத்துவமாகக் கேட்பதைவிட இந்த இரண்டு சிறு புத்தகங்களை அடுத்தடுத்துப் படிப்பது அதிகம் விளக்கும்.

இந்த ஒப்பீட்டுக்குத் திருவிவிலியத்தை முதலிலும் பழையதை அடுத்தும் படியுங்கள். தலைகீழாகப் படித்தால், பழையதில் இரக்கம், உருக்கம், தயை, கிருபை என்று இடத்துக்கு இடம் சொல் மாறுவதால் இவை எல்லாம் ஒரே வாக்கியத்தின் மறு ஒலிகள் என்பதே தெரியாமல் போகும்.

கிருபாசனம் என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யாத்திராகமம் 25:17-இல் இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், பசும்பொன். உடன்படிக்கைப் பெட்டியின் மேல்மூடி. உள்ளே பத்துக் கட்டளைகளின் கற்பலகைகள், மேலே வருடத்துக்கு ஒருமுறை தெளிக்கப்படும் இரத்தம். கட்டளைக்கும் அதை மீறியவனுக்கும் நடுவில் ஒரு தகடு. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு இதற்கு இட்ட பெயர் ஹிலாஸ்டேரியோன். ரோமர் 3:25-இல் கிறிஸ்துவைப் பவுல் அழைப்பதும் அதே சொல்லால். பழைய திருப்புதலில் முன்னது கிருபாசனம், பின்னது கிருபாதாரபலி. கிருபா என்ற தலைப்பகுதி இரண்டிலும் இருப்பதால் உறவு ஓரளவு தெரிகிறது. குறை என்னவென்றால் எபிரெயர் 4:16-இலும் "கிருபாசனத்தண்டையிலே" என்றே போட்டிருக்கிறார்கள். அங்கே மூலத்தில் பெட்டியின் மூடி இல்லை, கிருபையின் சிங்காசனம், அரசன் அமரும் இருக்கை. தைரியமாய்ச் சேரச் சொல்வது அரசனிடம். இரண்டையும் ஒன்றாக்கிப் பாட்டுக்கள், ஜெபங்கள், பிரசங்கங்கள் என்று ஒன்றரை நூற்றாண்டு ஓடிவிட்டது, இனி பிரிப்பது கடினம். திருவிவிலியத்தில் முன்னது 'இரக்கத்தின் இருக்கை', பின்னது 'அருள் நிறைந்த இறை அரியணை'. குழப்பம் இல்லை.

ரோமர் 3:25-இல் திருவிவிலியம் போடும் சொல் 'கழுவாய்'. அழகான சொல், பழைய சொல்லும்கூட: புறநானூற்று 34-ஆம் பாட்டில் கொடும் பாவங்களுக்கும் கழுவாய் உண்டு, செய்நன்றி கொன்றவனுக்கு இல்லை என்று வருகிறது. ஆனால் தமிழ் மரபில் கழுவாய் தேடுவது குற்றம் செய்தவன் வேலை. ரோமரில் அதை ஏற்படுத்துகிறவர் குற்றத்தால் புண்பட்ட கடவுளே. சொல்லின் பழக்கமும் வாக்கியத்தின் செய்தியும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. அந்த இழுபறியைக் கவனித்தால் நல்லதுதான், பவுல் சொல்வதன் புதுமை அதில்தான் இருக்கிறது. கவனிக்காமல் போனால், கோபமாக இருந்த கடவுளை இயேசு சமாதானப்படுத்தினார் என்ற கதை மனத்தில் உட்கார்ந்துவிடும். பிதா நீதி, குமாரன் தயவு என்று இரண்டு பேருக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும் இந்தப் பிழை எல்லாச் சபைகளிலும் சகஜம். "அவரையே ஏற்படுத்தினார்" என்ற வினையின் எழுவாய் யார் என்று ஒருமுறை பார்த்தால் போதும்.

திருவிவிலியத்தின் பெரிய இழப்பு, முதலில் சொன்ன நீதி வேர். நீதிமானாக்குதல் இதில் 'ஏற்புடையவராக்குதல்' ஆகிவிட்டது. புரிகிற தமிழ், மறுக்கவில்லை. ஆனால் நீதியுள்ளவர், நீதிமானாக்குகிறவர் என்ற பிணைப்பு போய்விட்டது. அதேபோல 1 யோவான் 1:9. பழையதில் மன்னிப்பதற்கு அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்". மன்னிப்பது அவருடைய நீதியிலிருந்து வருகிறது என்ற திடுக்கிடும் செய்தி. புதியதில் 'நேர்மையுள்ளவர்'. நேர்மை என்றால் நாணயமானவர், சொன்ன சொல் தவறாதவர் என்றுதான் காதில் விழுகிறது. நீதிமன்றத்தின் எடை அந்தச் சொல்லில் இல்லை. நியாயம் என்ற பொருளுள்ள எபிரெயச் சொல்லான மிஷ்பாத்தையும் பல இடங்களில் இதே நேர்மையாக்கிவிட்டார்கள். சங்கீதம் 89:14-இல் பழையது "நீதியும் நியாயமும் உம்முடைய சிங்காசனத்தின் ஆதாரம்" என்கிறது, புதியது நீதியும் நேர்மையும். ஒடுக்கப்பட்டவனுக்குத் தீர்ப்புச் சொல்லி மீட்டுக்கொடுக்கிற செயல் நியாயம். நேர்மை ஒருவரின் குணம். கடவுளின் நீதி ஏன் ஏழைக்கு நற்செய்தி என்பதைப் புரிந்துகொள்ள அந்தச் செயல் தேவை. சங்கீதம் 143-ஐப் பழையதில் படியுங்கள்: "உமது நீதியின்படியும்" எனக்குப் பதில் தாரும் என்று முதல் வசனம், அடியேனை "நியாயந்தீர்க்கப் பிரவேசியாதேயும்" என்று இரண்டாம் வசனம். நீதியை அழைக்கிறான், விசாரணையைத் தவிர்க்கச் சொல்கிறான். நீதி காப்பாற்ற வருவது என்று தெரிந்தவன்தான் இப்படிக் கேட்பான்.

யாக்கோபு 2:13-இல் மட்டும் பழையதை நம்பாதீர்கள். "நியாயத்தீர்ப்புக்குமுன்பாக இரக்கம் மேன்மைபாராட்டும்" என்பதை, தீர்ப்பு நாள் வருவதற்கு முன்னால் வரை இரக்கம் உண்டு என்று காலக்கணக்காகப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்பாக என்பது இங்கே எதிரே என்ற பொருளில் வந்தது. "இரக்கமே தீர்ப்பை வெல்லும்" என்று திருவிவிலியம் முடிச்சை அவிழ்த்துவிட்டது. வசனத்தின் முற்பகுதியை விட்டுவிட்டு இதைத் தனியே சுவரில் மாட்டக்கூடாது என்பது வேறு விஷயம். இரக்கம் செய்யாதவனுக்கு இரக்கமில்லாத தீர்ப்பு என்றுதான் அது தொடங்குகிறது.

ரோமர் 11:22-ஐக் கேட்பவர்கள் உண்டு, நீதியும் தயவும் ஒரே வரியில் வருவதால்: "தேவனுடைய தயவையும் கண்டிப்பையும் பார்". கண்டிப்பு என்ற சொல் வாத்தியார் பிரம்பை நினைவூட்டுகிறது. கிரேக்கத்தில் அது வெட்டு என்ற வேரிலிருந்து வருவது. ஒலிவமரக் கிளைகளை வெட்டுவது பற்றிய பேச்சின் நடுவில் வருகிறது. அதே வசனம் "வெட்டுண்டுபோவாய்" என்று முடிவதைப் பார்த்தால் படம் நிறைவாகும். பழையதில் இது தெளிவாகவே இருக்கிறது.

கத்தோலிக்கப் பதிப்பாக வரும் திருவிவிலியத்தில் 73 நூல்கள். பழைய திருப்புதலில் 66. இந்தப் படிப்புக்கு அந்தக் கூடுதல் நூல்களில் ஒன்று அவசியம்: சாலமோனின் ஞானம், 11, 12 ஆகிய அதிகாரங்கள். நம் கேள்வியை அந்த ஆசிரியர் நேராகவே எடுத்துப் பேசுகிறார். கடவுள் எல்லாம் வல்லவராய் இருப்பதாலேயே எல்லார்மீதும் இரங்குகிறார் என்பது 11:23. பலவீனன்தான் தன் பலத்தைக் காட்டத் தண்டிப்பான், யாருக்கும் பயப்படத் தேவையில்லாதவர் பொறுத்திருப்பார் என்ற வாதம். 12:16-இல் "உமது ஆற்றலே நீதியின் ஊற்று". சீர்திருத்தச் சபையார் இதைத் திருமறையாக ஏற்காவிட்டாலும், இயேசுவின் காலத்தை ஒட்டிய யூதர்கள் இந்தக் கேள்வியை எப்படி யோசித்தார்கள் என்று அறிய இந்த இரண்டு அதிகாரங்களையாவது படிக்கலாம்.

எளிய மொழிபெயர்ப்பு என்ற பெயரில் கிடைக்கும் பதிப்புகளை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். கதைப் பகுதிகளுக்குச் சரி. சங்கீதம் 85:10-இல் கிருபை, சத்தியம் என்ற இரண்டையும் ஒரே அன்பாக்கி, அது ஜனங்களை வந்து சந்திப்பதாக எழுதிவிட்டால், எதுவும் எதையும் சந்திக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய சொற்களையே கரைத்துவிட்ட பிறகு படிப்பது எதை?

கைப்பேசிச் செயலியில் பழைய திருப்புதல் இலவசமாகக் கிடைக்கிறது, தேடுவதற்கு அதைவிட வசதி இல்லை. ஆனால் தேடும் விதம் தெரிய வேண்டும். 'கிருபை' என்று முழுச்சொல்லாகத் தேடினால் கிருபாசனமும் கிருபாதாரபலியும் அகப்படாது, கிருபையினாலே, கிருபையின்படி போன்றவை சில செயலிகளில் விடுபடும். 'கிருப' வரை மட்டும் அடியுங்கள். 'நீதி' என்று தேடினால் அநீதியும் நீதிமொழிகளும் சேர்ந்து வந்து குவியும். 'நியாய' என்று தேடினால் நியாயப்பிரமாணம் வந்து திரையை அடைத்துவிடும், ஏனென்றால் மோசேயின் சட்டத்துக்கே பழைய திருப்புதல் வைத்த பெயர் அது. எரிச்சல்தான். ஆனாலும் சட்டத்துக்கும் தீர்ப்புக்கும் ஏழைக்குச் செய்யும் நியாயத்துக்கும் தமிழில் ஒரே வேர் ஓடுகிறது என்பது அந்தக் குவியலில்தான் முதலில் கண்ணில் படும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பழைய திருப்புதலில் ஒத்துவாக்கியங்கள் அச்சிட்ட பதிப்பு வேண்டும், வெறும் பாடம் மட்டும் உள்ள சிறிய கைப்பிரதி போதாது. ஓரம் அகலமாக இருந்தால் ஹெசெத் வரும் இடங்களில் ஒரு சிறு 'ஹெ' போட்டுக்கொள்ளலாம். பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சாக இருக்கக்கூடும், ணை, னை, லை எல்லாம் கொம்பு வைத்த பழைய வடிவில் இருக்கும். இளையவர்களுக்கு வாசிக்கத் தடங்கும், பாடத்தில் மாற்றமில்லை. திருவிவிலியத்தில் பொருளடக்கத்தைத் திறந்து இணைத் திருமுறை நூல்கள், அதாவது முன்பு சொன்ன கூடுதல் நூல்கள், உள்ளனவா என்று பாருங்கள். அவை இல்லாத அச்சும் உண்டு, அட்டையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அடிக்குறிப்புகள் உள்ளனவா என்பதையும் அங்கேயே பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள். குறிப்பில்லாத பதிப்பை எடுத்தால், ஒரே வசனத்தை வேறு விதமாகவும் படிக்கலாம் என்ற தகவல் உங்களுக்குக் கிடைக்காமலே போகும்.